ஆறு வாரம், பதினெட்டு ஸ்டாண்ட், ஒரு கயோட்டி கூட வரவில்லை. ஈ-காலரில் என்ன தப்பு?

#1 கரிசல்காட்டான் (டெக்ஸஸ்)

வணக்கம். இதுவரை இங்கே மீன்பிடி இழைகளைப் படித்துவிட்டு ஓடிப்போகிற ஆள் நான். முதல் முறையாகக் கேள்வியோடு வருகிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூட வேலை செய்பவரின் மாமனாருக்கு சான் ஆஞ்சலோவுக்குத் தெற்கே ஆட்டுப் பண்ணை இருக்கிறது. செம்மறியும் வெள்ளாடும் கலந்து. போன வருடம் குட்டி போடும் பருவத்தில் கயோட்டி (நரி மாதிரி இருக்கிற அமெரிக்கக் காட்டு நாய்) நிறைய குட்டிகளைத் தூக்கிவிட்டதாம். "சனி ஞாயிறு சும்மாதானே இருக்கிறாய், வந்து சுடு" என்றார் பெரியவர். எனக்கும் ஆசை. டிசம்பரில் ஆரம்பித்தேன்.

துப்பாக்கி .223 போல்ட் ஆக்ஷன், 55 கிரெயின் தோட்டா, 3-9 ஸ்கோப். தள்ளுபடியில் ரிமோட்டோடு ஓர் ஈ-காலர் (விலங்குகளின் சத்தம் போட்டுக் கூப்பிடுகிற ஸ்பீக்கர் பெட்டி) வாங்கினேன். நான் செய்வது இதுதான்: விடியும் நேரம் தண்ணீர்க் குட்டை வரை வண்டியில் போவேன். அங்கே ஒரு மேடு இருக்கிறது, சுற்றிலும் நன்றாகத் தெரியும். உச்சியில் உட்கார்ந்து, காலரைப் பக்கத்திலேயே வைத்து, முயல் அலறலை முழுச் சத்தத்தில் போடுவேன். பத்து நிமிடத்தில் எதுவும் வரவில்லை என்றால் அடுத்த இடம். குளிர் தாங்க முடியாததால் காற்று முதுகில் அடிக்கிற மாதிரி உட்கார்ந்துகொள்வேன்.

ஓர் இடத்தில் உட்கார்ந்து கூப்பிடுவது ஒரு ஸ்டாண்ட், அப்படிப் பதினெட்டு ஆகிவிட்டது. பார்த்தது இரண்டு மான், ஒரு முள்ளம்பன்றி. வயிறு எரிகிற விஷயம் என்னவென்றால், நான் வண்டியைக் கிளப்பும்போது எங்கிருந்தோ ஊளை கேட்கிறது. சிரிக்கிற மாதிரி இருக்கிறது.

காலரை மாற்ற வேண்டுமா? விலை கூடியதில் ஆயிரம் சத்தம் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

---

#2 ராகிக்களி

நரி முகத்தில் முழித்தால் யோகம் என்பார்கள். நீங்கள் நரிக்கு முகம் காட்டப் போயிருக்கிறீர்கள், யோகம் அதற்குத்தான். 😀

(எனக்கு வேட்டை தெரியாது. பாப்கார்னோடு உட்கார்ந்திருக்கிறேன், தொடருங்கள்.)

---

#3 சீமைக்கருவேலன் (மேற்கு டெக்ஸஸ்)

பணத்தை மிச்சம் பிடியுங்கள். காலர் நன்றாகத்தான் இருக்கிறது. அது கூப்பிட்டது, அவை வந்தன, உங்களை மோந்து பார்த்தன, போய்விட்டன. பதினெட்டு ஸ்டாண்டில் குறைந்தது ஐந்தாறிலாவது வந்திருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். நீங்கள்தான் பார்க்கவில்லை.

"காற்று முதுகில் அடிக்கிற மாதிரி" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே, வியாதி அங்கேதான் இருக்கிறது. முதுகில் அடிக்கிற காற்று உங்கள் வாசனையை மூட்டை கட்டி, நீங்கள் துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருக்கிற திசைக்கே கொண்டுபோகிறது. வாடைக்காற்று என்கிறோமே, இங்கே டிசம்பரில் அடிக்கிற வடகாற்றுக்கு இரண்டு அர்த்தமும் பொருந்தும். சோப்பு, காபி, வண்டி டீசல் எல்லாம் அரை மைல் தூரத்தில் புதருக்குள் நிற்கிறவனுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

கயோட்டி சத்தத்தை நம்பாது. காதால் கேட்டு வரும், மூக்கால் முடிவு செய்யும். கூப்பிட்டால் நேராக ஓடி வருவது குட்டி வயசு மட்டும்தான். அனுபவம் உள்ளது சத்தம் வருகிற இடத்தைத் தூரத்திலிருந்தே சுற்றிக்கொண்டு, காற்று போகிற பக்கத்துக்கு வந்து, அங்கே நின்று மூக்கைத் தூக்கும். இந்த ஒரு பழக்கத்தை வைத்துத்தான் ஸ்டாண்டையே அமைக்க வேண்டும்.

காற்று இடமிருந்து வலமாக அடிக்கிறது என்று வையுங்கள். காலரை உங்களுக்கு முன்னால் ஐம்பது கஜம் தள்ளி வையுங்கள். உங்களுக்கும் காலருக்கும் வலப்பக்கம் திறந்த வெளியாக இருக்க வேண்டும், ஒளிய இடம் இருக்கக் கூடாது. அது காலரின் காற்றைப் பிடிக்க வலப்பக்கமாகச் சுற்றும். சுற்றிக்கொண்டே வந்தால் கடைசியில் உங்கள் வாசனை ஓடுகிற கோட்டைத் தொடும். அதைத் தொடுவதற்கு முன்னால் சுட வேண்டும். தொட்டுவிட்டால் திரும்பிப் பார்க்காது, மண்தான் பறக்கும்.

அப்புறம் அந்த மேடு. உச்சியில் உட்கார்ந்தால் வானத்தை ஒட்டி உங்கள் தலை மொட்டைத் தென்னைமரம் மாதிரி தெரியும். மேட்டின் பாதியில், புதரை முதுகுக்குக் கொடுத்து, நிழலில் உட்காருங்கள். சூரியன் உங்கள் முதுகில் இருந்தால் இன்னும் நல்லது, வருகிறவனுக்குக் கண் கூசும். காலரைப் பக்கத்தில் வைத்தால் அவன் பார்வை நேராக உங்கள் மேல்தான் விழும், சின்னதாக அசைந்தாலும் முடிந்தது.

வண்டியைக் கால் மைலாவது தள்ளி, பள்ளத்தில் நிறுத்துங்கள். கதவைப் படாரென்று சாத்தாதீர்கள், மெதுவாக அழுத்தி மூடுங்கள். சாவி, சில்லறை எல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும். எந்த வழியாக நடந்து போகிறீர்கள் என்பதும் முக்கியம்: எந்தப் புதரிலிருந்து அவன் வருவான் என்று நினைக்கிறீர்களோ அதன் மேல் உங்கள் காற்று விழாத வழி. அது மூன்று மடங்கு சுற்று என்றாலும் நடங்கள்.

காற்று பார்க்க இங்கே ஆட்கள் மில்க்வீட் பஞ்சைப் பறக்க விடுவார்கள். நம் எருக்கின் சொந்தக்காரச் செடிதான், காயை உடைத்தால் அதே பட்டுப் பஞ்சு. பவுடர் டப்பா பத்தடி வரை காற்றைக் காட்டும். பஞ்சு, நூறு கஜம் தள்ளிக் காற்று எப்படித் திரும்புகிறது என்று காட்டிவிடும். பள்ளம் இருக்கிற நிலத்தில் இரண்டும் வேறு வேறாக இருக்கும், பார்த்துப் பழகுங்கள்.

---

#4 கரிசல்காட்டான்

படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஐயா, நீங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் தலைகீழாகச் செய்திருக்கிறேன். கதவைப் படார் என்று சாத்துவது உட்பட.

இரண்டு கேள்வி. பத்து நிமிடம் போதாதா? முழுச் சத்தம் தப்பா?

---

#5 சீமைக்கருவேலன்

பதினைந்திலிருந்து இருபது நிமிடம். அடர்ந்த புதர்க்காடு என்றால் இன்னும் ஐந்து. பாப்கேட் வேண்டும் என்றால் அரை மணிக்கு மேல். அது பூனை, அதற்கு அவசரம் என்பதே கிடையாது.

சத்தத்தை மெதுவாகத் தொடங்குங்கள். முப்பது கஜத்துக்கு அந்தப்பக்கம் ஒன்று படுத்திருந்தால் முழுச் சத்தம் அதை விரட்டிவிடும். ஒரு நிமிடம் போடுங்கள், நிறுத்துங்கள், கொஞ்சம் ஏற்றிப் போடுங்கள். காற்று பலமாக அடித்தால் மட்டும் முழுசாகத் திறக்கலாம். பதினைந்து இருபது மைல் வேகத்துக்கு மேல் காற்று அடிக்கிற நாளில் நான் வீட்டில் தூங்கிவிடுவேன்.

முடிந்ததும் உடனே எழுந்திருக்காதீர்கள். சத்தத்தை நிறுத்திவிட்டு மூன்று நான்கு நிமிடம் சும்மா இருங்கள். நீங்கள் வண்டி கிளப்பும்போது ஊளையிட்டது அந்த மூன்று நிமிடத்துக்காகக் காத்திருந்தவன்தான்.

---

#6 விசாக்காரன் (டெலவேர்)

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், இது தெரியாமல் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கரிசல், நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள்?

எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1 மாதிரிக் குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். விதிவிலக்கு இருக்கிறது: ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த வேட்டை உரிமம் கையில் இருக்க வேண்டும், அது காலாவதி ஆகியிருக்கக் கூடாது. கடையில் 4473 படிவம் நிரப்பும்போது இதைக் கேட்பார்கள். ஆனால் நண்பனின் துப்பாக்கியை ரேஞ்சில் ஐந்து நிமிடம் பிடித்துப் பார்ப்பதும் "வைத்திருத்தல்" என்றே எடுத்துக்கொள்ளப்படலாம். தண்டனை 15 ஆண்டு வரை போகும், விசாவின் கதி தனி.

டெக்ஸஸ்காரர்களுக்கு ஒரு கண்ணி: அங்கே வேட்டை உரிமம் ஆகஸ்ட் 31 இரவோடு முடிகிறது. புதியது ஆகஸ்ட் 15 வாக்கில் விற்பனைக்கு வந்துவிடும். "சீசன் வரட்டும், நவம்பரில் வாங்கலாம்" என்று விட்டால், செப்டம்பர் 1 காலையில் உங்கள் அலமாரியில் இருப்பது சட்டவிரோதத் துப்பாக்கி. நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

---

#7 கரிசல்காட்டான்

நான் கிரீன் கார்டு, அதனால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் மூன்று வருடம் முன்னால் எச்-1பியில் இருந்தபோது இது எனக்குச் சுத்தமாகத் தெரியாது. உரிமம் இருக்கிறது. 1971 செப்டம்பர் 2-க்குப் பிறகு பிறந்தவன் என்பதால் கட்டாயமான ஹண்டர் எஜுகேஷன் (வேட்டைப் பயிற்சி) படிப்பையும் இணையத்திலேயே முடித்துவிட்டேன்.

---

#8 புதுமுகம்_07

#6 படித்துக் கை நடுங்குகிறது. நான் எச்-1பி. போன மாதம்தான் ரூம்மேட்டோடு

*[மட்டுறுத்துநர்: மீதியை நீக்கிவிட்டேன். தம்பி, இதையெல்லாம் பொதுவில் எழுதாதீர்கள். நல்ல குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். மற்றவர்களும் இதைப் பற்றி இங்கே அறிவுரை சொல்ல வேண்டாம்.]*

---

#9 பனிக்காடு (ஒன்ராறியோ)

கரிசல், நான் கனடாவில் இருந்து எழுதுறன். இங்கே எங்கட கயோட்டி உங்கட டெக்ஸஸ் கயோட்டியை விடப் பெரிசு. கிழக்கில் இருக்கிறதுக்கு ஓநாய் இரத்தமும் நாய் இரத்தமும் கலந்திருக்கு. ஒன்றை முதல் முறை பனியில் கண்டபோது ஆரோ வளர்த்த ஜேர்மன் ஷெப்பர்ட் எண்டுதான் நினைச்சன்.

துவக்கு விசயத்தில் உங்கட மாதிரி லேசில்லை. பயிற்சி, லைசென்ஸ் எல்லாம் எடுத்த பிறகுதான் கடைக்காரன் கதைப்பான். 2020-இல் இருந்து ஏஆர்-15 தடை. நான் பழைய போல்ட் ஆக்ஷன் .243 தான் வைச்சிருக்கிறன். இரவில் வேட்டையாட ஏலாது, சூரியன் மறைஞ்சு அரை மணித்தியாலத்தோட கடையைக் கட்ட வேணும். அல்கொன்குயின் பூங்காவிலயும் அதைச் சுற்றின ஊர்களிலயும் கயோட்டியைத் தொடவே கூடாது. அங்கே இருக்கிற அபூர்வ ஓநாய்க்கும் கயோட்டிக்கும் தூரத்தில் வித்தியாசம் தெரியாது எண்டு இரண்டுக்கும் சேர்த்துத் தடை போட்டிருக்கினம். சரியான முடிவு.

ஒரு உதவிக்குறிப்பு: வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு பனியில் படுத்தால் முப்பது கஜத்துக்குள்ளயே வரும். உங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

---

#10 நொய்யல்கரை

படித்துக்கொண்டே வருகிறேன். ஒரே கேள்வி. இதைச் சாப்பிடுவதில்லை. பெரும்பாலும் தோலைக்கூட எடுப்பதில்லை. குட்டி முயல் உயிர் போகிற மாதிரி கத்துகிற சத்தத்தைப் பெட்டியில் போட்டு, பசியோடு வருகிறதை ஒளிந்திருந்து சுடுவதில் என்ன வீரம்? ஊரில் இருந்திருந்தால் வனத்துறை உள்ளே தூக்கி வைத்திருக்கும். அமெரிக்கா போனதும் கை துறுதுறுக்கிறதா?

---

#11 ராகிக்களி

பாப்கார்ன் தீர்ந்துவிட்டது, இன்னொரு பாக்கெட் எடுத்து வருகிறேன்.

---

#12 கரிசல்காட்டான்

நொய்யல், அந்தப் பெரியவர் எனக்குக் காட்டிய ஆட்டுக்குட்டியை நீங்கள் பார்த்திருந்தால் "வீரம்" என்ற சொல்லை எடுத்திருக்க மாட்டீர்கள். கழுத்தில் பல் பட்ட இடம், குடல் வெளியே, உயிர் இன்னும் இருந்தது. வீரத்துக்காகப் போகவில்லை.

---

#13 நொய்யல்கரை

ஆட்டுக்குட்டிக்காகப் போகிறவர் "எனக்கும் ஆசை" என்று எழுத மாட்டார். #1-ஐத் திரும்பப் படியுங்கள்.

---

#14 சீமைக்கருவேலன்

நொய்யல் கேட்டதில் பாதி நியாயம். அந்தப் பாதியை ஒத்துக்கொண்டுதான் நான் பேச முடியும்.

வார இறுதியில் நாலு பேர் போய்ச் சுடுவதால் கயோட்டி குறையாது. 1975-இல் கானலி, லாங்ஹர்ஸ்ட் என்ற இருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: ஒரு வட்டாரத்தில் வருடா வருடம் முக்கால்வாசியைக் கொன்றாலும் அந்த இனம் தாக்குப்பிடிக்கும். இடம் காலியானால் வேறு இடத்திலிருந்து வந்து நிரப்பும். கூட்டம் மெலிந்தால் மிச்சம் இருப்பவை கூடுதலாகக் குட்டி போடும், இளம் பெட்டைகளும் போடத் தொடங்கும். அரசாங்கமே ஒரு நூற்றாண்டாக விஷம், பொறி, விமானம் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. 1972-இல் நிக்சன் கூட்டாட்சி நிலங்களில் விஷத்துக்குத் தடை போட்டார். இன்றைக்கும் வேளாண் துறையின் வைல்ட்லைஃப் சர்வீசஸ் பிரிவு வருடத்துக்கு ஐம்பது அறுபதாயிரம் கயோட்டிகளைக் கொல்கிறது. விளைவு? முன்பு மேற்குச் சமவெளியிலும் பாலையிலும் மட்டும் இருந்த பிராணி இப்போது ஹவாய் தவிர எல்லா மாநிலத்திலும் இருக்கிறது, தெற்கே பனாமா வரை போய்விட்டது. ஓநாயைக் கொன்று தீர்த்து நாமே வழி திறந்துவிட்டோம். யெல்லோஸ்டோனில் 1995-இல் ஓநாயைத் திரும்ப விட்டபிறகு லமார் பள்ளத்தாக்கில் கயோட்டி சரசரவென்று குறைந்தது. எந்தத் துப்பாக்கியும் செய்யாத வேலை அது.

ஆனால் ஒரு பண்ணைக்காரனுக்கு மாநிலக் கணக்கு முக்கியமில்லை. அவனுக்குத் தேவை, பிப்ரவரியில் குட்டி விழுகிற பட்டிக்குப் பக்கத்தில் குடியிருக்கிற அந்த ஒரு ஜோடி அந்த மூன்று மாதம் இல்லாமல் இருப்பது. எல்லாக் கயோட்டியும் ஆடு தின்பதில்லை. எலி, முயல், வெட்டுக்கிளி, சீமைக்கருவேலங்காய், தர்பூசணி தின்று வாழ்வதே அதிகம். ஆடு தின்னப் பழகிய ஜோடியை எடுத்தால் அந்தப் பட்டிக்கு அந்த வருடம் பலன் இருக்கிறது. ஆடு தின்னாத ஜோடியைச் சுட்டுவிட்டு அந்த இடத்துக்கு ஆடு தின்னியை வரவழைத்துக்கொண்ட பண்ணையும் எனக்குத் தெரியும், அந்தச் சுட்டவன் நான்தான்.

எனக்கு ஆசையும் உண்டு. அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஏப்ரலிலிருந்து ஜூலை வரை காலரைத் தொட மாட்டேன். வளையில் குட்டி இருக்கும், தாயைச் சுட்டால் அவை பசியில் சாகும். டெக்ஸஸ் சட்டம் எனக்குத் தடை போடவில்லை, இங்கே இதற்குச் சீசனும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. அது என் சொந்தத் தடை.

போட்டி வேட்டை, அதாவது யார் அதிகம் சுடுகிறார்கள் என்று பணப்பரிசு வைப்பது, எனக்குப் பிடிக்காது. கலிஃபோர்னியா 2014-இல் தடை செய்தது, வெர்மான்ட் 2018-இல், நியூ மெக்சிகோ 2019-இல். டெக்ஸஸில் இன்னும் நடக்கிறது.

---

#15 மாட்டுவைத்தியர் (தெற்கு டெக்ஸஸ்)

ஒரு சேர்ப்பு. 1988-இல் ரியோ கிராண்ட் ஓரம் ஸ்டார் மாவட்டத்தில் கயோட்டிகளுக்கு நாய் வெறிநோய் வந்தது, வீட்டு நாய்களுக்கும் பரவி வடக்கே ஏறிக்கொண்டே போனது. துப்பாக்கியால் நிறுத்த முடியவில்லை. 1995-இல் மீன்மாவு இரைக்குள் தடுப்பு மருந்தை வைத்து விமானத்திலிருந்து தூவினார்கள். கயோட்டியே தின்று கயோட்டியே தடுப்புச் சுவரானது. 2007-இல் அமெரிக்கா அந்த வகை வெறிநோயிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். இன்றும் எல்லை ஓரத்தில் தூவுகிறார்கள்.

ஸ்கங்க் வகை வெறிநோய் இன்னும் இருக்கிறது, சொறிநோய் ஏராளம். சுட்டதைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். முடி கொட்டித் தோல் தடித்துப்போன ஒன்றைச் சுட்டால் வண்டியில் ஏற்றவே ஏற்றாதீர்கள், வீட்டு நாய்க்கு ஒட்டும்.

---

#16 மட்டுறுத்துநர்

நல்ல விவாதம், சூடு அளவாக இருக்கட்டும். ஊர் விஷயமாக ஒன்று: இந்தியாவில் நரி, வங்காநரி எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்கு வங்காநரி பிடித்து ஓட விடுவதற்கே வனத்துறை வழக்குப் போடுகிறது. இந்த இழையைப் படித்துவிட்டு யாரும் ஊரில் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு கரட்டுக்குக் கிளம்ப வேண்டாம்.

---

#17 ஆட்டுக்கிடை

ஊரைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். எங்கள் பக்கம் கிடை போடும் காலத்தில் நரிக்குறவர் வருவார்கள். ராத்திரியில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாயாலேயே நரி மாதிரி ஊளையிடுவார். ரிமோட்டும் இல்லை, பேட்டரியும் இல்லை. தூரத்தில் நரி பதில் சொல்லும், கொஞ்ச நேரத்தில் கிட்டே வரும். தாத்தா சொன்னது, அந்த ஆள் உட்காரும் முன்னால் ஒரு பிடி மண்ணை எடுத்துத் தூவிப் பார்ப்பாராம். எதற்கு என்று எனக்கு இன்றைக்கு #3 படித்தபிறகுதான் புரிந்தது.

---

#18 சீமைக்கருவேலன்

அருமை. இங்கேயும் வாயால்தான் தொடங்கியது. மார்பிள் ஃபால்ஸில் பர்ன்ஹாம் சகோதரர்கள் ஊதல் செய்து விற்றார்கள், அப்புறம் வேகோவில் ஜானி ஸ்டூவர்ட் நிஜ முயலின் குரலைப் பதிந்து இசைத்தட்டாகவே விற்றார். காட்டுக்குள் ரெக்கார்டு பிளேயரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், பாருங்கள்! இன்றைய ஈ-காலர் அதன் பேரன்.

---

#19 தோட்டாக்கணக்கு (நெப்ராஸ்கா)

தாமதமாக வருகிறேன். கரிசல், .223 போதும், யார் சொன்னாலும் மாற்றாதீர்கள். நான் .22-250 வைத்திருக்கிறேன், திறந்த சமவெளிக்கு அது சுகம். உங்கள் புதர்க்காட்டில் நூற்றைம்பது கஜத்துக்கு மேல் சுட வாய்ப்பே குறைவு.

200 கஜத்தில் ஜீரோ வையுங்கள், அதாவது ஸ்கோப்பில் குறி வைத்த இடத்திலேயே தோட்டா படுகிற மாதிரி. நூறில் ஒன்றரை இரண்டு அங்குலம் மேலே, முந்நூறில் ஏழெட்டு அங்குலம் கீழே. முந்நூறில் பத்து மைல் குறுக்குக் காற்று தோட்டாவை ஓர் அடி தள்ளும், அதனால் அந்தத் தூரத்தில் காற்று நாளில் சுடாதீர்கள், காயப்பட்டு ஓடிச் சாகும்.

லேசான, வேகமான, உடைகிற முனை உள்ள தோட்டா வாங்குங்கள். உள்ளே போய்ச் சிதறும், கல்லில் பட்டுத் தெறித்துப் பறப்பதும் குறையும். ஆனாலும் பின்னால் மண் இல்லாமல், வானத்தை ஒட்டி நிற்கிறதைச் சுடக் கூடாது. எவ்வளவு பெரிய கயோட்டி நின்றாலும் சரி.

ஓடி வருகிறதை நிறுத்த வாயால் ஒரு குரை குரையுங்கள். "வூப்!" அவ்வளவுதான். நின்று பார்க்கும், இரண்டு விநாடி கிடைக்கும். துப்பாக்கி அதற்கு முன்பே முக்காலியில் இருக்க வேண்டும்.

---

#20 பனிக்காடு

முதல் தடவை நான் குரைச்சதில் எனக்கே இருமல் வந்திட்டுது. கயோட்டி நிண்டு என்னைப் பாவம் எண்டு பாத்துப்போட்டுப் போயிட்டுது. வீட்டில பழகிப்போட்டுப் போங்கோ.

---

#21 கரிசல்காட்டான்

சத்தம் எது போடுவது? முயல் மட்டும்தான் போட்டேன். காலரில் நூறு பெயர் இருக்கிறது.

---

#22 சீமைக்கருவேலன்

எல்லோரும் முயல்தான் போடுகிறார்கள், அதுதான் பிரச்சினை. போன வாரம் பக்கத்துப் பண்ணையில் எவனாவது அதே கடையில் வாங்கிய அதே முயலைப் போட்டுத் தவறவிட்டிருந்தால், உயிர் பிழைத்தது அந்தப் பாட்டை மனப்பாடம் பண்ணியிருக்கும்.

அக்டோபர், நவம்பரில் அந்த வருடக் குட்டிகள் வீட்டை விட்டுத் தனியாக அலையும். அப்போது முயல், எலி, எது போட்டாலும் வரும். அந்தக் காலத்தில் சுட்டுவிட்டுத் தன்னை நிபுணர் என்று நினைத்துக்கொள்வது எளிது. இப்போது ஜனவரி. ஜோடி சேர்கிற காலம், பிப்ரவரியில் உச்சம். பசியை விட இடமும் ஜோடியும்தான் மண்டையில் ஓடும். ஒற்றை ஊளை ஒன்றோ இரண்டோ போடுங்கள். பெட்டையின் ஊளை, மெலிதாக, சவால் தொனி இல்லாமல். அப்புறம் ஐந்து நிமிடம் வாய் மூடிக்கொண்டிருங்கள். பிறகு கொஞ்சம் முயல். கடைசி மூன்று நிமிடம் கயோட்டிக் குட்டி வலியில் கத்துகிற சத்தம், அதற்கு வயதான பெட்டைகூட ஓடி வரும்.

காலருக்குப் பக்கத்தில் ரோமத்துணி ஆடுகிற பொம்மை ஒன்று வைத்தால் அதன் கண் உங்கள் மேல் விழாது. குச்சியில் கட்டிய வான்கோழி இறகும் போதும், காசு செலவழிக்க வேண்டாம்.

---

#23 கரிசல்காட்டான்

இன்று காலை போய்வந்தேன். சொன்னபடி எல்லாம். கால் மைல் நடை, குறுக்குக் காற்று, மேட்டின் பாதியில், காலர் ஐம்பது கஜம் முன்னால், வலப்பக்கம் வெட்டவெளி.

ஒற்றை ஊளை போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். இன்னும் முழுசாக விடியவில்லை. ஏழாவது நிமிடம் வலப்பக்கம் புதர் அசைந்தது, ஒன்று வந்தது. பெரியது. நேராகக் காலரைப் பார்த்து ஓட்டம். பாதுகாப்புப் பூட்டை எடுத்துவிட்டேன், ஸ்கோப்பில் தோள் வந்துவிட்டது. குரைத்தேன்.

நின்றது. வாலை ஆட்டியது.

பெரியவரின் காவல் நாய். கிரேட் பிரனீஸ், வெள்ளை, ஆனால் அந்த வெளிச்சத்தில் சேறு பூசியதால் சாம்பலாகத் தெரிந்தது. ஊளைச் சத்தம் கேட்டுத் தன் ஆடுகளைக் காக்கச் சண்டைக்கு வந்திருக்கிறது. துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே முடியவில்லை. விரல் ட்ரிக்கரில் இருந்தது.

---

#24 சீமைக்கருவேலன்

சுடாமல் இருந்தீர்களே, அது போதும். தப்பு என்னுடையதும்கூட. "பண்ணையில் காவல் நாய் இருக்கிறதா" என்று முதல் பதிவிலேயே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. ஊளைச் சத்தம் காவல் நாயைச் சண்டைக்குக் கூப்பிடும், அனடோலியன், பிரனீஸ் எல்லாமே வரும்.

ஒவ்வொரு முறையும் போகும் முன் பெரியவரிடம் நாய்கள் எந்தப் பட்டியில் என்று கேளுங்கள். அவற்றின் கழுத்தில் ஆரஞ்சு பட்டை கட்டச் சொல்லுங்கள். நன்றாக விடிந்தபிறகு கூப்பிடுங்கள். தெர்மல் ஸ்கோப் (உடல் சூட்டைக் காட்டுவது) வாங்கினால் எல்லாம் தெளிவாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், தெர்மலில் நாயும் கயோட்டியும் இரண்டும் வெள்ளைப் பூசணிக்காய்தான். நாய், கன்று, பக்கத்து வீட்டுப் பையன், எல்லாமே அப்படித்தான்.

---

#25 நொய்யல்கரை

கரிசல், நாய் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. கிண்டல் இல்லை, நிஜமாகவே சொல்கிறேன். சந்தேகம் ஒன்று: அவ்வளவு நல்ல காவல் நாய் இருக்கும்போது துப்பாக்கி எதற்கு?

---

#26 கரிசல்காட்டான்

அதையே பெரியவரிடம் கேட்டேன். இரண்டு நாய், ஒரு கழுதை வைத்திருக்கிறார். நாய்கள் வந்தபிறகு இழப்பு பாதிக்கு மேல் குறைந்துவிட்டதாம். ஆனால் மந்தை மூன்று பட்டியில் பிரிந்து மேய்கிறது, இரண்டு நாயால் மூன்று இடத்தில் இருக்க முடியாது. மூன்றாவது பட்டியில்தான் குட்டிகள் போகின்றன. கழுதை அங்கே இருக்கிறது, அதற்கு வயதாகிவிட்டது, தூங்குகிறது என்றார்.

இனிமேல் மூன்றாவது பட்டியில் மட்டும் உட்காரப் போகிறேன்.

---

#27 கரிசல்காட்டான்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். சனிக்கிழமை ஒன்று விழுந்தது.

மூன்றாவது பட்டி, தெற்கு வேலி ஓரம். நாய்கள் வடக்குப் பட்டியில் கட்டியிருப்பதைப் பெரியவரே போனில் உறுதி செய்தார். நன்றாக விடிந்தபிறகு உட்கார்ந்தேன். எட்டு மைல் குறுக்குக் காற்று. பஞ்சைப் பறக்க விட்டுப் பார்த்தேன், எழுபது கஜத்துக்கு அப்புறம் பள்ளத்துக்குள் திரும்பியது. அதனால் காலரை இருபது கஜம் நகர்த்தினேன். பழைய ஆள் இதைக் கவனித்திருக்கவே மாட்டான்.

பதினாறாவது நிமிடம், 110 கஜம், வலப்பக்கத்திலிருந்து, நீங்கள் சொன்ன அதே கோட்டில் சுற்றிக்கொண்டு வந்தது. குரைத்தேன், இருமல் வரவில்லை. கழுத்து, முகம், வால் எல்லாம் இரண்டு முறை பார்த்தேன். ஒரே தோட்டா, அங்கேயே.

கிட்டே போனபோது மனசு ஒரு மாதிரி ஆனது, நொய்யல் சிரித்தாலும் பரவாயில்லை. முப்பது பவுண்டு இருக்கும் பெட்டை. ரோமம் நன்றாக இருந்தது. தோலை விற்கலாம் என்று விசாரித்தால் வாங்குகிறவர் தருவதாகச் சொன்ன விலை டீசலுக்குக் காணாது. அந்தப் பிரபல கனடா ஜாக்கெட் கம்பெனி 2021-இல் ரோமம் வாங்குவதை நிறுத்துவதாகச் சொன்னபிறகு சந்தையே படுத்துவிட்டதாம். பெரியவர் தோலை எடுத்துப் பதப்படுத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், வீணாக வேண்டாம் என்று.

---

#28 தோட்டாக்கணக்கு

வாழ்த்துகள்! எந்தச் சத்தத்துக்கு வந்தது? குட்டிச் சத்தமா, முயலா?

---

#29 கரிசல்காட்டான்

சொன்னால் அடிப்பீர்கள். பத்தாவது நிமிடத்தில் ரிமோட்டின் பேட்டரி செத்துவிட்டது. காலர் பாட்டுக்கு ஊமையாகிவிட்டது. எழுந்து போய்ச் சரி செய்யலாமா என்று யோசித்தேன், #5 ஞாபகம் வந்தது, அசையாமல் உட்கார்ந்துவிட்டேன். ஆறு நிமிடம் ஒரு சத்தமும் இல்லாத நேரத்தில்தான் வந்தது.

---

#30 ராகிக்களி

ஆயிரம் சத்தம் வைக்கிற காலர் இன்னும் வாங்கவில்லையே?